உடன்வராத குடும்ப உறுப்பினர்

ஓ தே-சிக் இருமலை விழுங்கினார். இருமலை விழுங்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. அடிநாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மூக்கு வழியாக நூலிழைபோல மூச்சை விட்டு, கண்ணில் நீர் கட்டும்வரை எதிர்ச் சுவரில் எதையாவது வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது மனித நுரையீரலின் வண்ணப் படம். இப்படிப்பட்ட இடத்தில் வேறெதை மாட்டுவார்கள், அருவியையா என்று நினைத்துக்கொண்டார். மழைக்காலம் தொடங்கிய நாள்முதல் பழகிவரும் வித்தை இது. தொழிற்சாலைக் கூட்டங்களில் கைகொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது கைகொடுத்தது. ஆனால் இங்கே அந்தக் கதவுக்கு அப்பால் ஒரு கருவி இருக்கிறது. அது இருமலைக் கேட்பதில்லை, நேராக உள்ளே பார்க்கிறது. கனடா அரசு அங்கீகரித்திருக்கும் சென்னை மருத்துவர்களில் ஒருவருடைய இடம் இது. காலையிலேயே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எங்கேயோ போகிறவர்கள், தே-சிக் ஒருவரைத் தவிர. அவர் போகவில்லை. போவது மனைவி உன்-கியோங்கும் மகள் சே-ரினும். போவதென்ன, வான்கூவருக்குப் போய் ஆறு வருஷம் ஆயிற்று, இனி அங்கேயே தங்கிவிட மனுப் போட்டிருக்கிறார்கள். மனுவில் தே-சிக் 'உடன்வராத குடும்ப உறுப்பினர்'. உடன்வராவிட்டாலும் உறுப்பினர் உறுப்பினர்தான், அவர் நெஞ்சையும் படமெடுத்துக் காட்டியாக வேண்டும், ஒருவர் நுரையீரலில் கோளாறு என்றால் மொத்தக் குடும்பத்தின் மனுவும் அப்படியே நிற்கும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் குடும்பத்தை ஒரே உடம்பாகப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு யாரும் இப்போதெல்லாம் அப்படிப் பார்ப்பதில்லை என்பதால் அந்த விதியின்மேல் அவருக்கு ஒரு மரியாதையே இருந்தது. உன்-கியோங்கின் வேலை அனுமதி வசந்தத்தோடு முடிகிறது. அதற்குள் காரியம் நடக்காவிட்டால் இரண்டு பேரும் கொரியாவுக்குப் பெட்டி கட்ட வேண்டும். சே-ரினுக்குப் பதினேழு வயது, கொரிய மொழியை இப்போது சுற்றுலாப் பயணியைப்போலப் பேசுகிறாள், அந்த ஊர்ப் பரீட்சைகளுக்கு நடுவே அவளைக் கொண்டுபோய் இறக்குவது மீன்தொட்டியை ரோட்டில் கவிழ்ப்பது மாதிரி. எல்லாம் இந்த நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. வலது பக்கம், மேலே, தோளெலும்புக்குக் கீழே. அங்கேதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கல்லூரி நாளில் காசநோய் அங்கேதான் ஒரு முறை வந்து போனது. மாத்திரையை முழுக்க முடிக்கவில்லை, உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டார். இருபது வயதில் எதையும் தேறியதும் நிறுத்திவிடுவார்கள். இப்போது மருத்துவரிடம் போகாமலிருப்பதற்குக் காரணம் சோம்பலில்லை. தெரியாதவரை அது வெறும் சென்னைத் தூசி, தெரிந்துவிட்டால் மறைத்ததாகிவிடும். நேற்றுக் காலை கைக்குட்டையில் ஒரு சிவப்புக் கீற்று. கிம்ச்சியில் போட்ட மிளகாய்த்தூள் என்று முடிவுசெய்து கைக்குட்டையைத் துவைத்தார், பிறகு இன்னொரு முறை துவைத்தார்.

"நேபாளமுங்களா?" என்றார் பக்கத்து நாற்காலிப் பெரியவர். செங்கல்பட்டிலிருந்து மனைவியோடு வந்திருந்தார், மகனிடம் போய்த் தங்கப் போகிறார்களாம். "இல்லைங்க. கொரியா." முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த தமிழைக் கேட்டதும் பெரியவர் நாற்காலியையே இவர் பக்கம் திருப்பிவிட்டார். "அட, தமிழ் பேசுறீங்களே! வடக்கா தெற்கா?" "தெற்குங்க." "அப்பாவுக்கு உங்க பாஷையிலயும் அப்பாதானாமே, எங்க பேத்தி சொல்லுச்சு." தே-சிக் தலையாட்டினார். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வந்த ஒன்பது ஆண்டுகளில் இந்தச் செய்தியை அவருக்கு அறிவிக்காத தமிழர் குறைவு. சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கண்டுபிடிப்பாளனின் ஒளி, அதைக் கெடுக்க அவருக்கு மனம் வந்ததில்லை. தமிழைக் கற்றுக்கொடுத்தது கார் இருக்கை தைக்கும் பிரிவுப் பெண்கள். கொரிய மொழியில் எதிராளியின் வயது தெரியாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது, ஆகவே வந்த புதிதில் எல்லோரிடமும் வயதைக் கேட்டு இரண்டு மூன்று பெண்களிடம் முறைப்பு வாங்கினார். அப்புறம் வழி கண்டுபிடித்தார், எல்லோருக்கும் 'நீங்க'. குடியிருப்பு வாசலில் படுத்திருக்கும் நாய்களைக்கூட 'போங்க, போங்க' என்றுதான் விரட்டுவார், காவலாளி சிரிப்பான். தொழிற்சாலையில் அவர் தேசிகன் சார். "கனடாவுல செட்டில் ஆகப் போறீங்களாக்கும்?" "நான் போகலைங்க. வீட்டுக்காரம்மா, பொண்ணு." "போகாதவருக்கு எதுக்கு டெஸ்ட்டு?" "நானும் குடும்பம்னு சட்டம் சொல்லுதுங்க." "சட்டமாச்சும் சொல்லுதே," என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "இவ என்னை என்னன்னு கூப்பிடுவா தெரியுமா? இந்தாங்க, ஏங்க, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எம்பேரச் சொன்னதில்ல. ஆதார் எடுக்கப் போனப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் பேரென்னன்னு கேட்டுச்சு பாருங்க, வாயத் தொறந்து சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரையோ சொல்றாளேன்னு திரும்பிப் பாத்தேன்." "சும்மா இருங்க, வெளியூர்க்காரர்கிட்ட போயி," என்றாள் அந்த அம்மாள், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. தே-சிக் சிரித்தார், சிரிப்பு தொண்டையில் பட்டு வேறொன்றாக மாறுவதற்குள் நுரையீரல் படத்தை வெறித்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை பிறந்துவிட்டால் பெயர் போய்விடும். உன்-கியோங்குக்கு அவர் பதினேழு வருஷமாக 'சே-ரின் அப்பா'. அதற்கு முன்னால், இன்ச்சியோனில் அவள் பியானோ வகுப்பு நடத்திய மாடிக்குக் கீழே அவர் கார் நிறுத்திக் காத்திருந்த காலத்தில், 'தே-சிக் ஷி'. அந்த ஷி ஒரு விசித்திரமான ஒட்டு. அலுவலகத்தில் அதிகம் பழகாதவரைக் கூப்பிடவும் அதுதான், வங்கிக் கவுன்டரில் டோக்கன்காரரைக் கூப்பிடவும் அதுதான், ஒருவரையொருவர் இனி என்னவென்று கூப்பிடுவதென்று முடிவாகாத இரண்டு பேருக்கும் அதுதான். அப்போது அவள் அதைச் சொல்லும்போது கடைசி எழுத்து கொஞ்சம் மேலே போகும், படியில் ஒரு படி கூடுதலாக இருக்கிறதென்று நினைத்துக் கால்வைத்த மாதிரி.

டோக்கன் திரையில் எண் மாறியது, அவருடையதில்லை. காட்டு வாத்து. ஏன் இப்போது வாத்து? கல்யாணத்தில் மரத்தில் செதுக்கிய காட்டு வாத்தை மாமியாரிடம் கொடுத்தார், மாமியார் அதைப் பாவாடையில் ஏந்தினாள், அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, சாய்ந்தால் பெண் குழந்தை என்று எல்லோரும் கைதட்டினார்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். காட்டு வாத்து ஒரு துணையோடு கடைசிவரை இருக்குமாம். அதனால்தானோ என்னவோ, மனைவியையும் பிள்ளையையும் படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்து சம்பாதித்து அனுப்பும் ஆண்களுக்குக் கொரியாவில் 'கிரோகி அப்பா' என்று பெயர், வாத்து அப்பா. பத்திரிகையில் எழுதுவார்கள், தொலைக்காட்சியில் அழுவார்கள், அவ்வப்போது ஒருவர் ஒற்றை அறையில் இறந்து கிடந்து நாற்றத்தால் கண்டுபிடிக்கப்படுவார். தே-சிக் அதிலும் கொஞ்சம் மிகையாகப் போய்விட்டவர், மற்ற வாத்து அப்பாக்கள் கூட்டிலாவது இருப்பார்கள், இவர் வேறொரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டுக்குச் சம்பளம் அனுப்புகிறார். இதை ஒரு நாள் டிரைவர் இசக்கிராஜிடம் விளக்கப்போய், "நான் ஒரு வாத்துங்க" என்று தொடங்கியதில் வண்டி சுங்குவார்சத்திரம் சிக்னலில் கொஞ்சம் தாண்டியே நின்றது. சிரித்து முடித்துவிட்டு இசக்கிராஜ் சொன்னான், "எங்க ஊருப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரும் சார், தலையில வரி போட்ட வாத்து. இமயமலையத் தாண்டி வருதுன்னு சொல்லுதாங்க. ஆனா அதுவ குடும்பத்தோடதான் சார் வரும், குடும்பத்தோடதான் போவும்." "ஒண்ணுகூட பின்னாடி நிக்காதுங்களா?" "நிக்கும் சார், அடிபட்டது. சீசன் முடிஞ்சும் ஒண்ணு ரெண்டு குளத்துல கெடக்கும். அப்புறம் நாய் தூக்கிட்டுப் போயிரும்." சொல்லிவிட்டு எஃப்எம்மைத் திருகினான். அன்று அவருக்குச் சிரிப்பு வந்தது. அது மழைக்காலத்துக்கு முன்னால். அதற்கப்புறம் அந்தக் குளம் தூக்கத்தில் வர ஆரம்பித்தது, வியர்வையோடு.

கொரியாவை விட்டு வெளியே போக எத்தனை கதவுகள் இருந்தன. பள்ளித் தோழன் ஒருவன் இருபத்தொன்பது வயதில் வேலை-விடுமுறை விசாவில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஸ்ட்ராபெரி பறித்தான், முதுகு போனதுதான் மிச்சம் என்று எழுதினான், ஆனால் எழுதியது அங்கிருந்துதான், இன்னும் திரும்பவில்லை. அவருடைய பழைய பிரிவுத் தலைவர் பே நாற்பது வயதில் இரவுப் பள்ளியில் வெல்டிங் கற்றுக்கொண்டு கனடாவின் பனிக்குள் போனார். பொறியியல் படித்தவர் முகமூடிக்குள் தீப்பொறியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நிம்மதி என்று சொன்னாராம். போகாதவர்கள் வேலை போனதும் கோழி வறுத்து விற்கும் கடை வைத்தார்கள், ஒரு தெருவில் நாலு கடை. வான்கூவரில் குடியேற்ற ஆலோசகர் சோ இருக்கிறார், கொரியர்களுக்கு மட்டும் வேலை பார்ப்பவர், உணவகப் பரிமாறுபவர் பட்டியல் ஒப்பிப்பதுபோல வழிகளை ஒப்பிப்பார். படிப்பு வழி, வேலை வழி, முதலீட்டு வழி, கல்யாண வழி. "அண்ணா, இதுல அண்ணிக்கு ஏத்தது குழந்தைப் பராமரிப்புப் படிப்புதான். தாய்மார்கள் எல்லாரும் அதுலதான் போறாங்க." அப்படித்தான் பியானோவில் ஷோபான் வாசித்த விரல்களோடு உன்-கியோங் நாற்பத்தொரு வயதில் கல்லூரி மாணவியானாள், இப்போது அந்த விரல்களால் மற்றவர்களின் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கிறாள். குழந்தைகள் அவளை மிஸ் கே என்கின்றன. அவளுக்கும் பெயர் போய்விட்டது. போன மாதம் சோவும் இவர்கள் இரண்டு பேரும் திரையில் உட்கார்ந்து பேசியபோது மருத்துவப் பரிசோதனை விஷயம் வந்தது. தே-சிக் விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டார், "படத்துல ஏதாச்சும் வந்துட்டா?" சோ சிரித்தார். "எல்லாம் நிக்கும். மருந்து முடிஞ்சு, திரும்பப் பாத்து, அவங்க திருப்தி ஆகறவரைக்கும். அதுக்குள்ள அண்ணி பர்மிட் போயிடும்." பிறகு, "ஆனா அதுக்கும் வழி இருக்கு அண்ணா. விவாகரத்து ஆயிட்டா நீங்க குடும்ப உறுப்பினரே இல்ல. உங்க நெஞ்சு உங்க சொந்த விஷயம்." மறுபடி சிரிப்பு. "பேப்பர்ல மட்டும். ரொம்ப பேரு செய்றாங்க." தே-சிக்கும் சிரித்தார். சதுரக் கட்டத்துக்குள் உன்-கியோங் சிரிக்கவில்லை. கோபமா யோசனையா என்று அந்த அளவு சிறிய முகத்தில் தெரியவில்லை. அவர் உற்றுப் பார்ப்பதற்குள் இருமல் வந்துவிட்டது, ஒலிவாங்கியை அணைத்தார்.

அதுதான் தவறு, ஒலிவாங்கி. முதல் முறை அணைத்தது அக்கறையால். குடும்பத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வது வாத்து அப்பாக்களின் இலக்கணத்தில் கிடையாது. பணம் வந்தது, சாப்பிட்டேன், இங்கே வெயில், இவ்வளவுதான் வாக்கியங்கள். திரையின் மூலையில் ஒலிவாங்கிக் குறி, கட்டைவிரலால் ஒரு தட்டு, இருமல், இன்னொரு தட்டு. அவள் பேசப் பேச நடுவில் இவர் ஊமையாவார், வாயைக் கையால் மூடிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார், திரும்பி வந்து "ம், சொல்லு" என்பார். "ஏன் அடிக்கடி சத்தமே இல்லாம போயிடுறீங்க?" "நெட்வொர்க்." "நல்லாத்தான் தெரியுறீங்க." "படம் வரும், சத்தம் வராது. இந்தியா." அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மெதுவாகக் கேட்டாள், "சே-ரின் அப்பா, அங்க யாராவது இருக்காங்களா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. யார், நாய்களா, நீங்க நீங்க என்று மரியாதை செய்து பழகிய நாய்களா? சிரிப்பு இருமலாயிற்று, விரல் பழக்கத்தில் தட்டிவிட்டது, சத்தமில்லாத திரையில் அவள் பார்த்தது தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கும் ஒரு புருஷனை. ஒலி திரும்பி வந்தபோது அவள் வேறு பேச்சுக்குப் போயிருந்தாள், சே-ரினின் பல்கம்பி பற்றி. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. நோய் என்று சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருப்பாள், பெண் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள், இவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குறியைத் தட்டித் தட்டி ஒரு சுவரையே கட்டிவிட்டார். அம்மா இருந்தவரை இருமல் கேட்டால் பேரிக்காயைக் குடைந்து தேன் ஊற்றி ஆவியில் வேகவைத்துத் தருவாள், அம்மாவுக்குப் பின் உன்-கியோங் செய்தாள். போன வாரம் ஊட்டிப் பேரிக்காய் வாங்கி அவரே செய்துபார்த்தார். எவ்வளவு நேரம் வேகவைத்தும் கல்லாகவே இருந்தது, தேன் மட்டும் உருகி ஓடிவிட்டது.

"ஓ... தேசிக்! தேசிகன் சார் யாருங்க?" அந்தப் பெண் ஊழியர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "நீங்கதானா? சட்டையக் கழட்டிட்டு இந்த அங்கிய மாட்டிக்குங்க. செயின், மோதிரம் எதுவும் வேணாம். முன்னாடி ஒருத்தர் இருக்கார், அடுத்து நீங்க." பெரியவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் மாதிரி எதையோ செய்தார். உடை மாற்றும் இடம் ஒரு திரைச்சீலையும் ஒரு முக்காலியும் ஒரு கண்ணாடியும். கண்ணாடியில் விலா எலும்புகள் தெரிந்தன, எப்போது இவ்வளவு தெரிய ஆரம்பித்தன? பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது, "நெஞ்ச நல்லா ஒட்டி வைங்க. தாடைய மேல. மூச்ச இழுத்துப் புடிங்க." கருவியிலிருந்து ஓர் உறுமல். "விடுங்க." அவ்வளவுதானா, அதற்குத்தானா இத்தனை பயம். தே-சிக் தனக்குள் மூச்சை இழுத்துப் பார்த்தார். பாதி வழியில் ஏதோ இறகு தட்டியது. எடுத்துக்கொள்ளட்டும். அந்த முடிவு அங்கேதான் வந்தது, அங்கி முடிச்சைப் போடும்போது. எடுக்கட்டும், வருவது வரட்டும், உள்ளே இருப்பதை இவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கருவி சொல்லட்டும். அப்புறம் மருந்து சாப்பிடலாம், முழுக்க, இந்த முறை தேறினாலும் நிறுத்தாமல். மனு நிற்குமா, நிற்கட்டும். வசந்தத்தில் அவர்கள் திரும்ப வேண்டியிருந்தால், சே-ரின், அந்தப் பரீட்சைகள், இல்லை, அதை யோசிக்கக் கூடாது, யோசித்தால் கால் திரைச்சீலைக்கு வெளியே போய்விடும். எவனாவது ஒரு மருத்துவன் இதை நோய் என்று சொல்லட்டும், அப்போது அவளிடம் சொல்லலாம், இதுதான், இது மட்டும்தான், வேறு யாருமில்லை. முக்காலியில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. அங்கே நேற்றைய இரவுச் சாப்பாட்டு நேரம். திரையில் அவள் பின்னால் சமையலறை, நீராவி, சே-ரின் ஆங்கிலத்தில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். "போயாச்சா? சோ கேக்கச் சொன்னார்." "வந்துட்டேன். அடுத்தது நான்." "என்ன அது, அங்கி? ரொம்ப இளைச்சிருக்கீங்க." என்று அவள் திரைக்கு அருகில் வந்த அந்த நொடியில் அது கிளம்பியது, வயிற்றின் அடியிலிருந்து. கட்டைவிரல் தானாகவே குறிக்குப் போனது. போய், தொடாமல் நின்றது. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. மழைக்காலம் முதல் விழுங்கியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது, திரைச்சீலை ஆடியது, பக்கத்து அறையில் பேச்சு நின்றது, வான்கூவரில் சே-ரினின் சிரிப்பு நின்றது. முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். உன்-கியோங்கின் நினைவு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகப் பின்னோக்கிப் போவது முகத்தில் தெரிந்தது. "இதுதானா?" என்றாள். "இதுதான்." "எல்லா தடவையும்?" "எல்லா தடவையும்." அவள் கண்ணில் நீர் நின்றது, அதை இவர் நன்றாகவே பார்த்தார், படம் எப்போதும் தெளிவாகத்தான் வரும். பிறகு அவள் தலையைத் திருப்பி மகள் நின்ற பக்கம் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பியபோது நீர் இல்லை. "படம் எடுத்துட்டாங்களா?" "இன்னும் இல்ல." "தே-சிக் ஷி," என்றாள்.

பதினேழு வருஷத்துக்குப் பிறகு. யாரையோ சொல்கிறாள் என்று அவரும் ஒரு கணம் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். கடைசி எழுத்து மேலே போனதா? போனது மாதிரியும் இருந்தது. வங்கிக் கவுன்டரில் கூப்பிடுவது மாதிரியும் இருந்தது. "எடுக்க வேண்டாம். வெளிய வந்துடுங்க. வேற டாக்டர்கிட்ட போங்க, சாதாரண டாக்டர்கிட்ட, இன்னைக்கே போங்க, மருந்து சாப்பிடுங்க. சோ சொன்ன அந்த வழியப் பத்தி நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்." நிறுத்தி, "பேப்பர்ல மட்டும்தான்," என்றாள், அவர் எதுவும் கேட்காதபோதே. "சரி," என்றார் தே-சிக். வேறு வாக்கியம் இலக்கணத்தில் இல்லை. முடிச்சை அவிழ்த்துச் சட்டையை மாட்டினார், பொத்தான் ஒன்று மாறிப்போய்விட்டது. கூடத்தில் பெரியவர், "அதுக்குள்ள ஆச்சா? கொடுத்து வச்சவர்," என்றார். கைப்பேசியில் இசக்கிராஜின் குரல், "வண்டிய வாசலுக்கே கொண்டாரவா சார்? வீட்டுக்கா, பிளாண்டுக்கா?" லிஃப்ட் வந்து நின்றது. பின்னால் அந்தப் பெண், "சார், உங்க நம்பர்தான் சார் இப்ப! சார்!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்தார். படமெடுக்கும் அறையின் கதவு திறந்தேதான் இருந்தது. "நெஞ்ச ஒட்டி வைங்க. தாடைய மேல. மூச்ச இழுத்துப் புடிங்க." தே-சிக் லிஃப்டுக்குள் நின்றபடியே இழுத்துப் பிடித்தார், தன்னையறியாமல், தாடையைக்கூடக் கொஞ்சம் தூக்கினார். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். லிஃப்டின் கதவுகள் அதற்குள் மூடிக்கொண்டன.